இடப்பக்கம் சாய்ந்த துண்டுகள்

அத்தியாயம் 3

கண்காட்சி அரங்கில் நாற்பது ஒட்டுப்போர்வைகள் முகத்தைக் காட்டிக்கொண்டு தொங்கின. ஒன்று மட்டும் முதுகைக் காட்டிக்கொண்டு தொங்கியது.

அது கத்தரி வீட்டுப் பெரியக்கா தைத்தது. திருப்பி மாட்டியவர் நடுவரம்மா. பெரியக்காவின் போர்வையைத் தொட்டுப் பார்க்கவே மற்றவர்கள் கை கழுவிவிட்டு வருவார்கள். அதைச் சுவர்ப்பக்கம் திருப்பும் துணிச்சல் ஒருவருக்கு வந்திருக்கிறது என்றால், விஷயம் சின்னதாக இருக்க முடியாது.

"அண்ணி, வீட்டுப்பாடம் எழுதாத பையன் மாதிரி நிக்குது பாருங்க" என்றான் உதிரி.

"வாயை மூடு" என்றார் லென்ஸ் அண்ணி.

உதிரி அவருடைய கொழுந்தன். தையல் மெஷின்களுக்கு உதிரி பாகம் விற்பவன் என்பதால் அந்தப் பெயர். ஐம்பது வயதாகியும் அவன் வாய் மட்டும் பள்ளிக்கூடத்தை விட்டு வெளியே வரவில்லை. அண்ணி துணி ஆலையில் முப்பது வருடம் குறை பார்க்கும் வேலை செய்து ஓய்வு பெற்றவர். நூறு கஜத்தில் ஓர் இழை அறுந்திருந்தாலும் அவர் கண் அங்கே போய் நின்றுவிடும். மடக்கி வைக்கும் பித்தளை லென்ஸ் ஒன்று எப்போதும் அவர் கழுத்தில் கயிற்றில் தொங்கும். சாயம் மாறிய புடவை, களவு போன பட்டு, போலிச் சரிகை என்று யார் வந்து நின்றாலும் அந்த லென்ஸ் விரியும். விரிந்த பிறகு உறவு, பழக்கம், முகதாட்சணியம் எதையும் அது பார்த்ததில்லை.

ஒரே ஒரு முறை மட்டும் அது விரியாமல் இருந்துவிட்டது. அதைத்தான் நடுவரம்மா இப்போது விரலால் தட்டிக் காட்டினார்.

போர்வையின் கீழே ஓர் அட்டை. 'ஒவ்வொரு துண்டும் கத்தரியால், கையால் வெட்டியது. சரிபார்த்தவர்:' என்ற அச்சு எழுத்துக்குக் கீழே, முதுகை நிமிர்த்திக்கொண்டு நின்றது அண்ணியின் கையெழுத்து.

"உங்க கையெழுத்துதானே?" என்றார் நடுவரம்மா.

"ஆமா."

"பார்த்துட்டுதான் போட்டீங்களா?"

அண்ணியின் கை கழுத்து லென்ஸுக்குப் போய்த் திரும்பியது. பெரியக்கா அவருடைய கூடப்பிறந்த அக்கா. அக்காவின் வேலையில் லென்ஸை விரிப்பது அக்காவின் முகத்தில் விரிப்பது போல என்று நினைத்திருந்தார்.

நடுவரம்மா ஒரு சிறிய துண்டை நீட்டினார். போட்டி விதிப்படி போர்வையோடு கூடவே, பின்துணி வைக்காத ஒரு மாதிரித் துண்டும் கொடுக்க வேண்டும். தையலின் உள்பக்கம் தெரிவதற்காக. சாய்த்துத் தள்ளிய செவ்வகம் போன்ற நான்கு பூத்துணித் துண்டுகள், இடையில் வெள்ளை முக்கோணங்கள், எல்லாம் சேர்ந்து சுழலும் ஒரு காற்றாடி. போர்வை முழுக்க இதே காற்றாடி நூற்றெட்டு.

"உள்பக்கம் திருப்பி, நுனியைப் பாருங்க."

லென்ஸ் விரிந்தது. சாய்ந்த துண்டுகளின் கூர்நுனி ஒவ்வொன்றும் கடுகளவுக்கு வெட்டுப்பட்டிருந்தது. நான்கிலும் ஒரே அளவு, ஒரே கோணம்.

"கத்தரியால வெட்டுறவங்க யாரும் நுனியைக் கிள்ளிக்கிட்டு உட்கார்ந்திருக்க மாட்டாங்க. இது டை மெஷின் வெட்டு, பிளேடு பதிச்ச அச்சை வச்சு அழுத்தி வெட்டுறது. தைக்கும்போது சரியா சேரணும்னு அச்சுலயே நுனியை வெட்டித்தான் வச்சிருப்பான்" என்றார் நடுவரம்மா. "நாலு மணிக்குப் பலகையில முடிவு எழுதணும். கத்தரி வீடுன்னு பெயர் வச்சுக்கிட்டு மெஷின்ல வெட்டிட்டாங்கன்னு எழுதட்டுமா? இல்ல, வேற ஏதாவது நடந்திருக்குன்னு கண்டுபிடிச்சுச் சொல்றீங்களா?"

அப்போது மணி பதினொன்று.

"அஞ்சு மணி நேரம் இருக்கு" என்றான் உதிரி, வெளியே வந்ததும். "கண்டுபிடிக்க ஒரு மணி நேரம் போதும். மிச்ச நாலு மணி நேரம் உங்க அக்காகிட்ட பேசுறதுக்கு வேணும்."

* * *

கத்தரி வீட்டின் வாசல் நிலைக்கு மேல் இரும்பில் செய்த பெரிய கத்தரி ஒன்று வாயைத் திறந்தபடி இருக்கும். உள்ளே போகிறவர்கள் தலையை ஒரு முறை நிமிர்த்திப் பார்த்துக்கொள்வார்கள். அதற்காகவே அதை மாட்டியது.

முன்னறையில் சுவர் நீளத்துக்கு அலமாரிகள். எல்லாத் துணியும் காகித விசிறி போல முன்னும் பின்னுமாக மடித்து, படிக்கட்டு மாதிரி அடுக்கியிருந்தது. நடுவில் மேஜை. மேஜை மேல் கண்ணாடிப் பெட்டிக்குள் பெரியக்காவின் கத்தரி. பெட்டியைச் சுற்றி ஒரு நாடா, யாரும் திறக்கக்கூடாது.

"வாடி. உட்காரு" என்று பெரியக்கா தன் நாற்காலியையே தங்கைக்குக் காட்டினார். அண்ணி உட்கார்ந்தார். நாற்காலி மெத்தை அவரை ஓரிரு அங்குலம் மேலே தள்ளியது.

"பெரியக்கா, இந்த மெத்தை போன தடவை பட்டினி கிடந்த மாதிரி ஒட்டிப் போயிருந்துச்சு. இப்ப தலைப்பிரசவத்துக்கு வந்த மாதிரி இருக்கே?" என்றான் உதிரி.

"மெத்தையைப் பார்க்கவா வந்த? கேஸைப் பாரு." அரங்கத்துச் செய்தி அவர்களுக்கு முன்பே வீடு வந்து சேர்ந்திருந்தது.

பார்க்க வேண்டியது வாசற்கதவை ஒட்டி நின்றது. பெரியக்காவின் மருமகள். காலடியில் ஒரு பெட்டி, நிறைத்துப் பூட்டியது. அவளுக்கு இரண்டடி தள்ளி அவள் கணவன், பெரியக்காவின் மகன், படியில் உட்கார்ந்து தன் கால் கட்டைவிரல் நகத்தை அதிசயம் போலப் பார்த்துக்கொண்டிருந்தான். அம்மா பேசும்போது அம்மா பக்கம் தலையாட்டுவான், மனைவி பேசும்போது மனைவி பக்கம். இரண்டு பேரும் பேசாதபோது அவனுக்கு நகம் இருந்தது.

"இவதான் செஞ்சது" என்றார் பெரியக்கா. "டை மெஷின் வச்சிருக்கிறது இந்தத் தெருவுலயே இவ ஒருத்திதான். போன வருஷம் வாங்கிட்டு வந்து நின்னா. இந்த வீட்டுல மெஷின் எதுவும் துணியை வெட்டாதுன்னு சொல்லி, பின்னறையில வச்சுப் பூட்டி, சாவியை நான் வச்சுக்கிட்டேன். அந்தக் கோபம். நான் உட்கார்ந்து கத்தரியால வெட்டி வச்ச துண்டையெல்லாம் எடுத்துட்டு, மெஷின்ல வெட்டினதை மாத்தி வச்சுட்டா. என்னை ஊருக்கு முன்னால தலைகுனிய வைக்கணும், அவ்வளவுதான்."

"தைக்கும்போது உனக்குத் தெரியலையா அக்கா?"

"வெட்டுறதுலதான் கவனம் வேணும். தைக்கிறது மெஷின்லதானே, அது பாட்டுக்கு ஓடும்."

"தைக்கிற மெஷின் மெஷின் இல்லையா பெரியக்கா?" என்றான் உதிரி.

"அது என் மாமியார் கொண்டு வந்தது."

"ஓ. மாமியார் கொண்டு வந்தா பரம்பரை. மருமக கொண்டு வந்தா மெஷின்."

பெரியக்கா அவனைப் பார்த்த பார்வையில் இரண்டு பொத்தான் தெறித்திருக்கும். அவன் ஜன்னலோரம் நகர்ந்துகொண்டான்.

"சாவி உன் இடுப்புல இருக்கு. இவ எப்படி எடுத்தா?" என்று கேட்டார் அண்ணி.

"நான் குளிக்கிற நேரத்துல."

மருமகள் தலையை நிமிர்த்தினாள். "நான் எடுக்கல." அவ்வளவுதான்.

"சித்தி, துணியும் பாதி காணோம்" என்றான் மகன், நகத்திலிருந்து பார்வையை எடுக்காமல். "அந்தப் பூத்துணி ரெண்டு போர்வைக்கு வரும். ஒரு போர்வைதான் தச்சிருக்கு. மிச்சத்தை வீடு பூராத் தேடிட்டேன்."

பெரியக்கா ஒரு நொடி மகனை முறைத்தார். பிறகு அந்தத் துணியையும் பழியில் சேர்த்துக்கொண்டார். "அதான் சொல்றேனே! எங்க போயிருக்கும்? இவ அம்மா வீட்டு ஜன்னல்ல திரையா தொங்கும். நாலு மணிக்கு அந்தப் பலகையில இவ பெயரை எழுதட்டும். அஞ்சு மணி பஸ்ல இவ போகட்டும். கத்தரி வீட்டுக் கத்தரி சுத்தமா இருக்கும்."

மருமகள் குனிந்து பெட்டியின் பூட்டை ஒரு முறை இழுத்துப் பார்த்துக்கொண்டாள். முகத்தை மறைக்க அவளுக்கு அப்போது கிடைத்த வேலை அதுதான். பலகையில் எழுதிய பெயர் பஸ்ஸுக்கு முன்னால் ஊர் போய்ச் சேர்ந்துவிடும் என்பது அவளுக்குத் தெரியும்.

உள்ளிருந்து தேநீர் வந்தது. மகன்தான் எடுத்து வந்தான். பெரியக்கா தன் டம்ளரைக் காதலனின் கடிதம் போல இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்து ஏந்திக் குடித்தார்.

"குளிருதா பெரியக்கா?" என்றான் உதிரி, கழுத்து வியர்வையைத் துடைத்துக்கொண்டே.

பெரியக்கா இன்னொரு வாய் குடித்தார். அண்ணி அந்த டம்ளரைப் பார்த்தார். பிறகு எழுந்தார்.

"மெஷினைக் காட்டு. எனக்கு அந்தத் துணிதான் வேணும். பாதித் துணி எங்க போச்சுன்னு தெரிஞ்சா மிச்சம் தானா தெரியும்."

* * *

பின்னறைக் கதவைத் திறந்துவிட்டு, பெரியக்கா சாவியோடு முன்னறைக்குத் திரும்பினார். உள்ளே படுக்கை விரிப்பு போர்த்தி இருந்தது மெஷின். மருமகள் விரிப்பை எடுத்தாள். இரண்டு இரும்பு உருளை, ஒரு கைப்பிடி, இரண்டு பக்கமும் நீட்டிய மேடை. மூன்று பேரும் சுவரோடு ஒட்டி நின்றால்தான் அறையில் அதற்கு இடம்.

உதிரி பல்சக்கரத்தில் விரலை விட்டு எடுத்து முகர்ந்தான். "ஒரு வருஷமா பூட்டிக் கிடக்குதுன்னாங்க. எண்ணெய் இன்னும் பிசுக்குன்னு இருக்கு அண்ணி. இப்பத்தான் ஓடியிருக்கு."

"அச்சை எடு" என்றார் அண்ணி.

மருமகள் ஒரு பலகையை எடுத்து வைத்தாள். பிஸ்கட் வெட்டும் அச்சு மாதிரிதான். தகரத்துக்குப் பதில் எஃகு பிளேடு. பலகையில் நான்கு சாய்ந்த செவ்வகங்கள் பதித்திருந்தன, சுற்றிலும் பஞ்சு ரப்பர். துணியை அதன் மேல் ஆறு அடுக்கு வைத்து, மேலே ஒரு பிளாஸ்டிக் தகடு வைத்து, உருளைகளுக்கு நடுவே விட்டுக் கைப்பிடியைச் சுற்றினால் போதும். அந்தப் பக்கம் வரும்போது இருபத்து நாலு துண்டு.

அண்ணி லென்ஸோடு பிளேடின் விளிம்பில் மெதுவாக ஊர்ந்தார். மூன்றாவது செவ்வகத்தின் நீண்ட பக்கத்தில் நின்றார். அங்கே பிளேடு முடியளவு மடங்கியிருந்தது. அந்த இடத்தில் ஓர் இழை வெட்டுப்படாமல் பிய்ந்து, துண்டின் ஓரத்தில் மீசை மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும். கைப்பையிலிருந்து மாதிரிக் காற்றாடியை எடுத்துத் திருப்பினார். ஒரு துண்டில், அதே இடத்தில், அதே மீசை.

"இந்த அச்சுதான்" என்றார்.

"அப்ப முடிஞ்சுபோச்சு" என்றான் உதிரி. அவன் குரலில் கேலி இல்லை. மருமகளைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்தான். "மெஷினும் இவளோடது. அச்சும் இவளோடது. ஆனா ஒண்ணு அண்ணி. போர்வையில சாய்ஞ்ச துண்டு நானூத்து முப்பத்திரண்டு. இந்த வேலை முடிய ரெண்டு மணி நேரமாவது ஆகும். பெரியக்கா அவ்வளவு நேரம் குளிச்சா, ஆளு கரைஞ்சு சோப்பு மட்டும்தான் வெளிய வரும்."

"ஒரு தடவை வெட்டிப் பார்க்கலாம்" என்றார் அண்ணி.

அலமாரியில் இருந்து ஒரு பக்கம் மட்டும் அச்சடித்த துணி ஒன்றை எடுத்து வந்தார். அதை மெஷின் மேடையில் போட்டு, முன்னே ஒரு மடிப்பு, பின்னே ஒரு மடிப்பு, மறுபடி முன்னே என்று ஆறு அடுக்காக மடித்து அச்சின் மேல் வைத்தார். கண்ணை மூடிக்கொண்டும் செய்திருப்பார். கைக்கு அவ்வளவு பழக்கம்.

மருமகள் வாயைத் திறந்தாள். மூடிக்கொண்டாள்.

"என்ன?"

"ஒண்ணுமில்ல சின்ன அத்தை."

உதிரி கைப்பிடியைச் சுற்றினான். எலும்பு நொறுங்குவது போல ஒரு சத்தம். தகட்டை எடுத்ததும் இருபத்து நாலு துண்டு பளிச்சென்று கிடந்தன. மடிப்பு விளிம்புகள் கழிவோடு தனியாக வந்தன.

"இவ்வளவு சுலபமா? இதுக்கா மூணு தலைமுறை கை வலிச்சது!" என்று உதிரி நான்கு துண்டை எடுத்துப் பூப்பக்கம் மேலே தெரிய அடுக்கிக் காற்றாடி செய்யப் பார்த்தான். வரவில்லை. இரண்டு துண்டு வலப்பக்கம் சாய்ந்தன. இரண்டு இடப்பக்கம் சாய்ந்தன. திருப்பி வைத்தால் சாய்வு சரியாக வந்தது. ஆனால் பூ கீழே போய், வெளுத்த முதுகு மேலே வந்தது.

"அண்ணி, பாதிப் பேரு அந்தப் பக்கம், பாதிப் பேரு இந்தப் பக்கம். நம்ம குடும்பக் கூட்டம் மாதிரியே இருக்கு."

அண்ணி மருமகள் பக்கம் திரும்பினார். "இதைத்தானே சொல்ல வந்த?"

"ஆமா. விசிறி மாதிரி மடிச்சா ஒரு அடுக்கு மல்லாந்திருக்கும், அடுத்தது குப்புற இருக்கும். சதுரத்துக்கும் முக்கோணத்துக்கும் வித்தியாசம் தெரியாது. இந்த வீட்டுல எப்பவும் அது ரெண்டும்தானே வெட்டுவாங்க? சாய்ஞ்ச துண்டுல மட்டும் பாதி எதிர்ப்பக்கம் போயிடும். நான் துணியை முதல்ல தாள் தாளா கிழிச்சு, எல்லா முகமும் மேல பார்க்க அடுக்கித்தான் வைப்பேன்."

"மடிக்கும்போதே ஏன் சொல்லல?"

"நான் சொன்னா அது வாய்க்கொழுப்பு சின்ன அத்தை. நீங்களா கண்டுபிடிச்சா அது துப்பு."

அண்ணி இடப்பக்கம் சாய்ந்த துண்டு ஒன்றை எடுத்து விரலில் திருப்பிப் பார்த்தார்.

அண்ணி கணக்கை வாய்விட்டே சொன்னார். "போர்வையில எல்லாத் துண்டும் வலப்பக்கம் சாய்ஞ்சது. நானூத்து முப்பத்திரண்டு. விசிறியா மடிச்சு முப்பத்தாறு தடவை வெட்டினா அத்தனை வரும். கூடவே இடப்பக்கம் சாய்ஞ்சதும் அதே நானூத்து முப்பத்திரண்டு வந்திருக்கும். காணாமப்போன பாதித் துணி எந்த ஜன்னல்லயும் தொங்கல. துண்டு துண்டா எங்கயோ பதுங்கியிருக்கு."

"இந்த மெஷினைத் தெரிஞ்சவ அப்படி மடிக்க மாட்டா" என்றான் உதிரி மெதுவாக. "தெரியாதவங்கதான் மடிச்சிருக்காங்க. அது சரி, இந்த மடிப்பை உங்களுக்கு யார் அண்ணி கத்துக்கொடுத்தது?"

அண்ணி தன் கைகளைப் பார்த்தார். முப்பது வருடம் அடுத்தவர் குறையைக் கண்டுபிடித்த கைகள்.

"எங்க அம்மா" என்றார். "எனக்கும் அக்காவுக்கும். ஒரே நாள்ல."

* * *

முன்னறைக்குத் திரும்பியதும் அண்ணி உட்காரவில்லை. நாற்காலிக்குப் பின்னால் நின்றார்.

"என்ன, கண்டுபிடிச்சியா?" என்றார் பெரியக்கா.

"பாதி. உதிரி, அந்தக் கத்தரியை எடு."

"தொடாதே!" என்று பெரியக்கா சொல்வதற்குள் நாடா அவிழ்ந்துவிட்டது. உதிரி கத்தரியை விரிக்கப் பார்த்தான். விரியவில்லை. இரண்டு கையாலும் இழுத்தான். கதவுக்கீல் மாதிரி அலறிக்கொண்டு அரைவாய் திறந்தது. திருகாணியில் பச்சையாகக் களிம்பு.

"பெரியக்கா, இது போர்வைக்கு வெட்டின கத்தரின்னா, பல் இல்லாமலே கரும்பு தின்னவங்க நீங்க."

"அக்கா, அந்த அலமாரித் துணியில ஒரு முக்கோணம் வெட்டிக் காட்டு. ஒண்ணு போதும்" என்றார் அண்ணி.

"என்னைச் சோதிக்கிறியாடி? உனக்குக் கத்தரி பிடிக்கக் கத்துக்கொடுத்ததே நான்!"

"அதனாலதான் கேட்கிறேன். கத்தரிக்குக் கட்டைவிரல் வேணும். டம்ளருக்கும் வேணும். கைப்பிடியைச் சுத்துறதுக்கு உள்ளங்கை போதும்."

பெரியக்காவின் கை புடவைத் தலைப்புக்குள் போய் மறைந்தது. ஒரு குழந்தை கூட அதைவிடத் தெளிவாகக் குற்றத்தை ஒப்புக்கொண்டிருக்காது.

அண்ணி குனிந்து நாற்காலி மெத்தையை எடுத்தார். வந்ததும் தான் உட்கார்ந்த அதே மெத்தை. ஓரத் தையல் புதிய நூலில் இருந்தது. கத்தரியின் அரைவாயைக் கொடுத்து ஒரு இழு இழுத்தார்.

மெத்தை வாயைத் திறந்து கொட்டியது. பூப்போட்ட துண்டுகள். நாற்காலியில், மேஜையில், தரையில், மகனின் கால்நகத்தின் மேல். கூர்நுனி வெட்டுப்பட்ட துண்டுகள், ஒவ்வொன்றும் இடப்பக்கம் சாய்ந்தது. அங்கங்கே ஒரு மீசை.

"பிரசவம் ஆயிடுச்சு அண்ணி" என்றான் உதிரி. "நானூத்து முப்பத்திரண்டும் சுகம்."

யாரும் சிரிக்கவில்லை. மருமகளின் உதடு மட்டும் ஒரு பக்கம் கோணி, நேரானது.

பெரியக்கா கொஞ்ச நேரம் அந்தக் குவியலைப் பார்த்தார். பேசியபோது குரல் தாழவில்லை. "ஆமா. ஆறு மாசமா விரல் மடங்கல. இவ மதியம் கடைக்குப் போற நேரத்துல வெட்டினேன். பாதி எதிர்ப்பக்கமா வந்துச்சு. ஏன்னு புரியல. தூக்கிப் போட மனசில்ல, மெத்தையில வச்சேன். கத்தரி வீட்டுப் பெரியக்காவுக்குக் கத்தரி பிடிக்க வராதுன்னு ஊரு பேசணுமா?"

"அது பேசாம இருக்கணும்னா இவ திருடியாகணுமா?"

"எப்படியும் வெளியில இருந்து வந்தவதானே..." என்று ஆரம்பித்த பெரியக்கா, தங்கையின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். பிறகு குரலை இறக்கினார். "இங்க இருக்கிறது நாம மட்டும்தான். கதவைச் சாத்திக்கலாம். நடுவர்கிட்ட ஏதாவது சொல்லிச் சமாளி. அட்டையில கையெழுத்துப் போட்டது நீ. உன் மானமும் சேர்த்துத்தான் போகும்."

"போகட்டும். பார்க்காம போட்டேன், அதுக்கு நான் குனியணும்" என்றார் அண்ணி. "ஆனா அக்கா, அந்த அட்டையில பொய் எழுதினது நம்ம ரெண்டு பேர். அதை இன்னொரு வீட்டுல பிறந்த பொண்ணு பெயரை வச்சு அழிச்சா, இந்த வாசல்ல தொங்குற கத்தரியைக் கழற்றிப் பழைய இரும்புக்காரன்கிட்ட நானே போடுவேன். மணி மூணேகால். நான் போய்ச் சொல்லவா, நீ வர்றியா?"

மகன் முதல் முறையாக எழுந்து நின்றான். அம்மாவைப் பார்த்தான், மனைவியைப் பார்த்தான். எந்தப் பக்கம் தலையாட்டுவது என்று தெரியாமல், பெட்டியைத் தூக்கிக்கொண்டான்.

"பஸ்ஸுக்கா, வீட்டுக்குள்ளயா?" என்று கேட்டான் உதிரி.

அவனுக்கே தெரியவில்லை. தூக்கியபடியே நின்றான்.

* * *

நான்கு மணிக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது கத்தரி வீடு மொத்தமும் அரங்கத்துக்குள் நுழைந்தது. முன்னால் பெரியக்கா, போருக்குப் போகிறவர் மாதிரி. பின்னால் அண்ணி. அதற்குப் பின்னால் மருமகள், இறக்கி வைக்க யாரும் சொல்லாததால் இன்னும் பெட்டியோடு மகன். கடைசியில் உதிரி, வயிறு கிழிந்த மெத்தையை இடுப்பில் குழந்தை மாதிரி வைத்துக்கொண்டு.

நடுவரம்மா சாக்பீஸோடு பலகை முன் நின்றிருந்தார். சுற்றிலும் நாற்பது போர்வைக்காரர்கள். பெரியக்கா குனிவதைப் பார்க்க வெகுநாளாகக் காத்திருந்தவர்கள்.

பெரியக்கா குனியவில்லை.

"மெஷின்லதான் வெட்டினேன்" என்றார், பின்வரிசைக்கும் கேட்கும்படி. "நானேதான் வெட்டினேன். கத்தரி பிடிக்க எனக்கு விரல் இல்ல. முப்பத்தாறு தடவை கைப்பிடியைச் சுத்தி, பாதித் துணியை வீணாக்கினேன். என் மருமககிட்ட ஒரு வார்த்தை கேட்டிருந்தா வீணாகியிருக்காது. கேட்கல. அப்புறம் பழியை அவ மேல போட்டேன். எல்லாரும் கேட்டுக்கிட்டீங்களா? மறுபடி சொல்ல மாட்டேன்."

காத்திருந்தவர்களுக்குப் பெரிய ஏமாற்றம். இதைக் கிசுகிசுக்க முடியாது. சொல்ல வேண்டியதையெல்லாம் அவரே உரக்கச் சொல்லிவிட்டார்.

அண்ணி அட்டையை எடுத்தார். தன் கையெழுத்தின் மேல் ஒரு கோடு இழுத்து, அதன் கீழே, 'சரிபார்க்காமல் ஒப்பமிட்டேன்' என்று எழுதி, அதற்கும் ஒரு கையெழுத்துப் போட்டார். பிறகு போர்வையைத் தானே முகப்பக்கம் திருப்பி மாட்டினார். நூற்றெட்டு காற்றாடிகளும் ஒரே திசையில் சுழல்வது போல நின்றன. குறை சொல்ல வந்தவர்கள்கூடக் கொஞ்சம் பார்த்தார்கள்.

"நல்ல வேலை" என்றார் நடுவரம்மா, மனமில்லாமல். "மெஷின் பிரிவுக்கு வேணா மாத்தி வைக்கட்டுமா?"

"வேண்டாம். கைவேலையா பார்த்தா அது பொய். மெஷின் வேலையா பார்த்தா கத்துக்குட்டி வேலை. ரெண்டுலயும் தேறாது" என்றார் பெரியக்கா.

நடுவரம்மா பலகையில் 'விலக்கிக்கொள்ளப்பட்டது' என்று மட்டும் எழுதினார். எந்தப் பெயரும் எழுதவில்லை.

மருமகள் கணவனின் கையிலிருந்து பெட்டியை வாங்கிக்கொண்டாள். அரங்கத்தின் கடிகாரத்தைப் பார்த்தாள். நாலே கால். பஸ் நிலையம் எதிர்த் தெருவில்தான் இருந்தது.

"எங்க கிளம்பிட்ட?" என்றார் பெரியக்கா.

"நீங்க சொன்ன பஸ்ஸுக்கு அத்தை."

"அந்தப் பெட்டியில இருக்கிறதை எல்லாம் எடுத்து வெளியில வை. இந்த மெத்தை கிழிஞ்சு கொட்டுது. இத்தனை துண்டையும் வைக்க அந்தப் பெட்டிதான் சரியான அளவு. எல்லாம் இடப்பக்கம் சாய்ஞ்சது. எதிர்த்திசையில சுத்துற காற்றாடியா இன்னொரு போர்வை தைக்கலாம். வெள்ளை முக்கோணம்தான் வெட்டணும்."

"மன்னிப்பை இப்படிக்கூடக் கேட்கலாம்னு எனக்கு இன்னிக்குத்தான் தெரியும்" என்றான் உதிரி, அண்ணியின் காதருகே.

"வாயை மூடு" என்றார் அண்ணி. ஆனால் அவர் கண் மருமகளின் மேல் இருந்தது.

மருமகள் பெட்டியைக் கீழே வைக்கவில்லை.

"யார் வெட்டுறது அத்தை?"

"நீதான்."

"எதுல?"

பெரியக்கா சுற்றிலும் பார்த்தார். நாற்பது பேரும் இன்னும் அங்கேதான் இருந்தார்கள்.

"உன் மெஷின்ல" என்றார்.

"அப்ப முதல்ல பின்னறைச் சாவியைக் கொடுங்க."

பெரியக்கா இடுப்பிலிருந்து சாவிக்கொத்தை உருவினார். பின்னறை, முன்னறை, அலமாரி, வாசல், எல்லாம் ஒரே வளையத்தில். ஒரு சாவியை மட்டும் கழற்ற வளையத்தின் வாயை நகத்தால் நெம்ப வேண்டும். நெம்பிப் பார்த்தார். மறுபடி நெம்பினார். அதற்கும் ஒரு கட்டைவிரல் தேவைப்பட்டது.

உதிரி உதவப் போனான். அண்ணி அவன் சட்டையைப் பிடித்து இழுத்து நிறுத்தினார்.

மருமகள் உள்ளங்கையை விரித்தபடி அவசரப்படாமல் நின்றாள். பெரியக்கா மூன்றாவது முறை முயற்சி செய்துவிட்டு, முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு, கொத்தை அப்படியே அவள் கையில் வைத்தார்.

அவள் அதை இடுப்பில் செருகிக்கொண்டு, பெட்டியைக் கீழே வைத்துத் திறந்தாள்.